மண்வெட்டிக் காம்பிலிருந்து தொடங்குங்கள்
வாசகர் கேள்விகளும் பதில்களும்

சிறு நிலத்தில் தற்சார்பாக வாழ எந்தெந்த வேலைகளை, யாரிடம், எந்த வரிசையில் கற்க வேண்டும் என்று கேட்டு வந்த கடிதங்களில் ஐந்துக்கு இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 38. மென்பொருள் துறையில் வேலை பார்க்கிறேன். வந்தவாசிக்குப் பக்கத்தில் எங்கள் பூர்வீக நிலம் 60 சென்ட், கிணறும் மோட்டாருமாக இருக்கிறது. பத்து ஆண்டுகளாகக் கரம்பாகக் கிடக்கிறது. வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போக முடிவு செய்து, இரண்டு நாள் இயற்கை வேளாண் பயிற்சி ஒன்றையும் முடித்துவிட்டேன். அடுத்து எந்தப் பயிற்சிக்குப் போகலாம்? (சென்னை வாசகர்)

பதில்: அடுத்த பயிற்சிக்கு உங்கள் நிலத்துக்கே போங்கள். வேலையை மட்டும் இப்போது விட வேண்டாம். ஓர் ஆடிப்பட்டத்தையும் ஒரு தைப்பட்டத்தையும் வார விடுமுறைகளிலும் சேர்த்துவைத்த விடுப்பிலுமாகக் கடந்து பார்த்தபின், உங்கள் உடம்பும் குடும்பமும் அந்த வாழ்க்கைக்கு இசைகின்றனவா என்பது உங்களுக்கே விளங்கிவிடும்; அதன்பின் எடுக்கும் முடிவுக்கு என் யோசனை தேவைப்படாது.

இரண்டு நாள் பயிற்சியை நான் குறைத்துப் பேசவில்லை. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974ஆம் ஆண்டு புதுச்சேரியில் தொடங்கப்பட்டது. இன்று உங்கள் மாவட்டம் உட்பட ஏறத்தாழ எல்லா மாவட்டங்களிலும் ஒன்று இருக்கிறது. அங்கே நடக்கும் ஒருநாள் பயிற்சிகளில் காளான் படுக்கை போடுவதையும் மண்புழு உரத்தொட்டி அமைப்பதையும் கண்ணால் பார்த்து வரலாம். கரூர் மாவட்டம் கடவூர்ப் பக்கம் சுருமான்பட்டியில் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் உருவாக்கிய வானகம் என்ற பண்ணை, அங்கேயே தங்கிக் கற்க விரும்புகிறவர்களுக்கு ஏற்ற இடம். ஆனால் நம்மாழ்வாரே வேளாண்மைப் பட்டம் பெற்று, 1960களின் தொடக்கத்தில் கோவில்பட்டி அரசுப் பண்ணையில் வேலை பார்த்து, படித்தது மானாவாரி நிலத்துக்கு ஒத்துவராததைக் கண்டு வெளியேறி, பிறகு உழவர்களிடம் கற்றுக்கொண்டவர். பயிற்சிக்கூடத்தில் கிடைப்பது காரணம். கைப்பழக்கம் வரப்பில்தான் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, பாத்திக்குத் தண்ணீர் கட்டுவதைப் பாருங்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போது ஒரு பாத்தியின் மடையை அடைத்து அடுத்த பாத்தியின் மடையைத் திறக்க வேண்டும். பழகியவர் வாய்க்கால் ஓரத்திலிருந்து புல்வேரோடு ஒரு மண்கட்டியை ஒரே வெட்டில் பெயர்த்து, மடையில் வைத்து, குதிகாலால் இரண்டு மிதி மிதித்துவிட்டு நகர்ந்துவிடுவார். புதியவர் உதிரி மண்ணை அள்ளி அள்ளிப் போடுவார். போடப்போட அது கரைந்துகொண்டே போகும். என் முதலாண்டில் ஓர் இரவு இப்படித்தான் உதிரி மண்ணால் மடையை அடைத்துவிட்டு, மின்சாரம் காலை வரை இருக்கும் என்ற தைரியத்தில் கட்டிலில் படுத்துத் தூங்கிவிட்டேன். விடியும்போது தண்ணீர் வரப்பைத் தாண்டி, பக்கத்துக் கொல்லைக்காரர் பிடுங்கிக் காயப்போட்டிருந்த மல்லாட்டை (நிலக்கடலை)க் குவியலுக்கு அடியில் நின்றது. அந்தப் பெரியவர் திட்டவில்லை. என் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கி, “தம்பி, மண்ணை அள்ளாதே, வெட்டு” என்று சொல்லி ஒரு முறை செய்து காட்டினார். நனைந்த காய்க்கு நான் கொடுத்த பணத்தைத்தான் என் முதல் பயிற்சிக் கட்டணமாகக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஆகவே முதலில் மண்வெட்டி. கடையில் இலையை மட்டும் வாங்கி, காம்பைத் தனியாகத் தேர்ந்து உங்கள் உயரத்துக்குப் போட்டுக்கொள்ளுங்கள். குட்டைக் காம்பு ஒரு வாரத்தில் இடுப்பை ஒடித்துவிடும். காம்பு ஆடினால் ஆப்பு அடித்து இறுக்கவும், வேலை முடிந்ததும் மண்ணை வழித்துக் கழுவி வைக்கவும், அரிவாளைச் சாணைக்கல்லில் தீட்டவும் பழகுங்கள். மழுங்கிய அரிவாள்தான் கையை வெட்டும். கூரானது சொன்ன இடத்தில் நிற்கும்.

பத்தாண்டுக் கரம்பு என்பதால் 60 சென்ட்டையும் ஒரே நேரத்தில் திருத்த ஆசைப்படாதீர்கள். கோடை மழைக்குப்பின் முழுவதையும் உழுதுபோட்டு, கிணற்றோரமாக ஐந்து சென்ட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மீதி நிலத்தில் ஈரம் இருக்கும்போது தக்கைப்பூண்டை விதைத்து, பூவெடுக்கும் தருணத்தில், அதாவது 45 முதல் 50 நாளில், மடக்கி உழுதுவிட்டால் அது தானே தழையுரமாகிவிடும். ஐந்து சென்ட்டில் முதலில் சிறுகீரையும் தண்டுக்கீரையும் தெளியுங்கள். 25 முதல் 30 நாளில் பலன் தெரிந்துவிடும் என்பதால், செய்த தவறும் அதே மாதத்தில் தெரிந்துவிடும். அடுத்ததாக வெண்டை, விதைத்து ஏறக்குறைய 45 நாளில் முதல் காய் ஒடிக்கலாம். தென்னையும் மாவும் வைத்துவிட்டு ஐந்தாண்டு கழித்துத் தவறைக் கண்டுபிடிப்பதைவிட இது மலிவு.

மண் பரிசோதனைக்கு மண் எடுப்பதையும் நீங்களே செய்யலாம். வரப்பு, மரநிழல், எருக்குழி ஆகியவற்றின் அருகே எடுக்கக்கூடாது. நிலத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பத்துப் பதினைந்து இடங்களில் மேல்குப்பையை விலக்கி, ஆங்கில ‘வி’ எழுத்தைப் போல 15 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டி, குழியின் இரு சரிவிலும் மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கை ஒதுக்கிவிட்டு மற்ற இரண்டைக் கலந்து, மீண்டும் இப்படியே செய்து அரை கிலோ மிஞ்சும்வரை குறைத்துக்கொண்டு வர வேண்டும்.

ஆசிரியர் யார் என்று கேட்பீர்கள். களை எடுக்கவும் வரப்பு வெட்டவும் ஆட்களைக் கூலிக்கு அழைக்கத்தான் போகிறீர்கள். அன்று வரப்பில் குடையோடு நிற்காமல் அவர்களோடு வரிசையில் உட்கார்ந்து களைக்கொத்தைப் பிடியுங்கள். முதல் நாள் சிரிப்பார்கள். மூன்றாம் நாள், எந்தக் களையைக் கிழங்கோடு தோண்ட வேண்டும், எதைச் செதுக்கினால் போதும் என்று கேட்காமலே சொல்லித்தருவார்கள்.

கேள்வி: எங்கள் ஊர் வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கம். ஆண்டுதோறும் விதை வாங்கிக் கட்டுப்படியாகாமல், கத்தரியிலும் நெல்லிலும் சொந்தமாக விதை எடுத்தேன். கத்தரி நாற்றில் பாதி முளைக்கவில்லை. முளைத்ததிலும் காய் ஒரு செடிக்கு ஒரு விதமாக இருக்கிறது. எங்கே தவறினேன்? (இல்லத்தரசி ஒருவர்)

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. காய் விதவிதமாக வந்ததற்கு, நீங்கள் விதை எடுத்த தாய்ச்செடி வீரிய ஒட்டு ரகமாக இருந்திருக்கலாம். கடைப் பொட்டலத்தில் எஃப்1 என்று போட்டிருந்தால் அதன் விதை தாயைப் போலப் பிறக்காது. நாட்டு ரகமாகவே இருந்தாலும், பக்கத்தில் வேறு கத்தரி பூத்திருந்தால் தேனீயும் வண்டும் மகரந்தத்தைக் கலந்துவிடும். உங்கள் பகுதியின் இலவம்பாடி முள்ளுக்கத்தரி 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற ரகம். அதை வைத்திருக்கும் வீடு பக்கத்திலேயே இருக்கும்போது வெளியே அலைய வேண்டியதில்லை. விதைக்கென்று நோயில்லாத, நன்றாகக் காய்த்த ஐந்தாறு செடிகளை ஒதுக்கி, பூ விரிவதற்கு முந்தைய மாலையில் மொட்டுக்கு மெல்லிய துணிப்பை கட்டி, பிஞ்சு பிடித்தபின் பையை அவிழ்த்துவிட்டு அந்தக் காம்பில் ஒரு நூலை அடையாளமாகக் கட்டிவிடுங்கள். ஒரே செடியில் எல்லாக் காயையும் எடுக்காதீர்கள்.

முளைக்காததற்குக் காரணம் பெரும்பாலும் அவசரம். குழம்புக்கு ஆகும் பருவத்தில் இருக்கும் கத்தரிக்காயில் விதை முற்றியிருக்காது. காய் செடியிலேயே மஞ்சளாகப் பழுத்து, தோல் தளர்ந்து, கறிக்கு உதவாது என்று ஆகும்வரை விட வேண்டும். அதைப் பறித்து இரண்டு மூன்று நாள் வைத்திருந்து, அறுத்துத் தண்ணீரில் பிசைந்தால் நல்ல விதை அடியில் தங்கும். சதையும் பொக்கு விதையும் மிதக்கும். மேலே மிதப்பதைக் கொட்டிவிட்டு நான்கைந்து தண்ணீரில் அலசி, சாம்பல் கலந்து தேய்த்து, நிழலில் உலர்த்துங்கள். உச்சிவெயிலில் தகரத்தின் மேல் காயவைத்த விதை வறுபட்டுவிடும். பீர்க்கு, சுரை போன்றவற்றில் இந்த வேலையே இல்லை. காய் கொடியிலேயே காய்ந்து, குலுக்கினால் உள்ளே சலசலக்கும்வரை விட்டுவிட்டால் போதும். முற்றிய சுரைக்குடுவைதான் அந்த விதைக்கு எல்லாவற்றிலும் நல்ல டப்பா என்பது என் கருத்து.

நெல்லுக்கு முட்டைச் சோதனையை ஒரு முறை செய்துவிட்டால் பிறகு விடமாட்டீர்கள். வாளித் தண்ணீரில் ஒரு புதிய கோழிமுட்டையைப் போடுங்கள். அது அடியில் கிடக்கும். கல்லுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்கிக்கொண்டே வந்தால் முட்டை மேலெழும்பி, பழைய 25 காசு வட்டத்தின் அளவுக்கு அதன் தலை தண்ணீருக்கு மேலே தெரியும். அப்போது உப்பை நிறுத்தி, முட்டையை எடுத்துவிட்டு விதைநெல்லைக் கொட்டிக் கலக்குங்கள். கனமான நெல் மூழ்கும். பதரும் அரைப்பால் நெல்லும் மிதக்கும். மிதப்பதை அரித்துக் கோழிக்குப் போட்டுவிட்டு, மூழ்கியதை உப்பு போகும்வரை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவ வேண்டும். இதை மறந்தால் உப்பு முளைப்பைக் கெடுத்துவிடும்.

பிறகு 100 நெல்லை எண்ணி ஈரத்துணியில் சுருட்டி, துணி காயாமல் வைத்திருந்து ஏழெட்டு நாளில் பாருங்கள். 80க்கு மேல் முளைத்தால் விதைக்கலாம். அதற்குக் குறைந்தால் விதையளவைக் கூட்ட வேண்டும், அல்லது விதையை மாற்ற வேண்டும். அறுத்த உடனே சோதித்தால் சில ரகங்கள் முளைக்காது; அது விதை உறக்கம், கெட்ட விதை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

கேள்வி: அடைவைத்துப் பொரித்த 40 நாட்டுக்கோழிக் குஞ்சுகளில் ஆறுதான் மிஞ்சின. இரண்டாம் மாதத்தில் வெள்ளையாகக் கழிந்து, கழுத்து திருகி, வரிசையாக விழுந்தன. மஞ்சளும் சின்ன வெங்காயமும் கொடுத்துப் பார்த்தேன். ராசியில்லை என்கிறார் என் அத்தை. (பரமக்குடி இளைஞர்)

பதில்: அத்தையிடம் ராசி இருக்கிறது என்று சொல்லுங்கள்; இல்லாதது தடுப்பூசிதான். நீங்கள் எழுதியிருப்பது வெள்ளைக்கழிச்சலின் அடையாளம். அது வைரஸால் வருவது. வந்தபின் அதைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. மஞ்சளும் வெங்காயமும் குஞ்சுக்குக் கெடுதல் இல்லை, ஆனால் இந்த நோயை நிறுத்த மாட்டா. குஞ்சு பொரித்த ஏழாம் நாளில் லசோட்டா தடுப்பு மருந்தைக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விட வேண்டும். எட்டு வாரம் ஆனபின் இறக்கையில் தோலுக்கடியில் போடும் ஊசியும் உண்டு. கால்நடை பராமரிப்புத் துறை பெரும்பாலும் பிப்ரவரி மாதத்தில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் தேதி கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்தை வாங்கி வரும் விதத்தில்தான் பலர் தவறுகிறார்கள். பனிக்கட்டி போட்ட பிளாஸ்கில் கொண்டுவந்து, அதிகாலையிலோ மாலையிலோ கலந்து, ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் எல்லாக் குஞ்சுக்கும் விட்டு முடித்துவிட வேண்டும். சட்டைப்பையில் போட்டு வெயிலில் சைக்கிள் மிதித்துக் கொண்டுவந்த மருந்தும் வெறும் தண்ணீரும் ஒன்றுதான்.

மற்றவை சின்னச் சின்னக் கைவேலைகள். முட்டை பொரிக்க 21 நாள். ஏழாம் நாள் இரவு இருட்டில் முட்டையை டார்ச் வெளிச்சத்தின் முன் பிடித்துப் பாருங்கள். சிலந்திவலை போல ரத்தநாளம் தெரிந்தால் கரு இருக்கிறது, தெளிவாக இருந்தால் எடுத்துவிடலாம். தாய் இல்லாமல் குஞ்சை வளர்ப்பதானால் குஞ்சுக்கு ஒன்று அல்லது இரண்டு வாட் கணக்கில் பல்பு தொங்கவிடுங்கள். குஞ்சுகள் பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்தால் சூடு போதவில்லை. விலகி ஓரத்தில் வாயைத் திறந்துகொண்டு நின்றால் சூடு அதிகம். பரவலாகப் படுத்துக் கிடந்தால் நீங்களும் போய்ப் படுக்கலாம். அடுத்த முறை 40 வேண்டாம், 12 குஞ்சோடு தொடங்குங்கள்.

கேள்வி: ஒரு ஏக்கரில் நான்கு பேர் கொண்ட குடும்பம் வெளியிலிருந்து எதையும் வாங்காமல் வாழ முடியுமா? யூரியாவுக்குப் பதில் பஞ்சகவ்யம் மட்டும் போதும் என்பது உண்மையா? (மதுரை, நாமக்கல் வாசகர்கள் இருவர்)

பதில்: இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். பஞ்சகவ்யம் பயிரை ஊக்குவிக்கும் கரைசல். எருவின் இடத்தை அது பிடிக்காது. கொடுமுடி மருத்துவர் நடராசன் பரப்பிய அந்த முறையில் ஏழு கிலோ சாணத்தையும் ஒரு கிலோ நெய்யையும் பிசைந்து மூன்று நாள் வைத்து, பத்து லிட்டர் கோமியமும் பத்து லிட்டர் தண்ணீரும் சேர்த்துப் பதினைந்து நாள் கலக்கி, பிறகு பால், தயிர், இளநீர், வெல்லம், பூவன் பழம் சேர்த்தால் முப்பதாம் நாளில் தயார். 100 லிட்டர் தண்ணீருக்கு மூன்று லிட்டர் என்ற கணக்கில் தெளிக்க வேண்டும். மண்ணில் தொழு உரமோ பசுந்தாளோ போடாமல் இலையில் இதை மட்டும் தெளித்துக்கொண்டிருந்தால் இரண்டாம் ஆண்டே மகசூல் சொல்லிவிடும்.

இனி அந்த ஒரு ஏக்கர். ‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது’ என்று நம்மைப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள், என்றாலும் பார்ப்போம். ஆளுக்கு நாளொன்றுக்கு 300 கிராம் அரிசி என்றால் நான்கு பேருக்கு ஆண்டுக்கு 438 கிலோ. நெல்லில் 65 விழுக்காடு அரிசி என்று வைத்தால் 675 கிலோ நெல் வேண்டும். 75 கிலோ மூட்டையில் ஒன்பது மூட்டை. நாட்டு ரகம் ஏக்கருக்கு 15 மூட்டை கொடுக்கும் நிலமானால் 60 சென்ட் நெல்லுக்கே போய்விடுகிறது. மாதம் இரண்டு லிட்டர் கடலை எண்ணெய்க்குச் செக்கில் ஆண்டுக்கு ஏறக்குறைய 60 கிலோ நிலக்கடலைப் பருப்பு ஆட்ட வேண்டும். தோலோடு 86 கிலோ காய். மானாவாரியில் ஏக்கருக்கு 600 கிலோ காய்த்தால் அதற்கு 15 சென்ட். மீதி 25 சென்ட்டில் வீடு, கிணறு, களம், காய்கறி, முருங்கை, வாழை, கோழி. மாட்டுக்குத் தீவனம் இந்தக் கணக்கில் வரவே இல்லை. வைக்கோலும் வரப்புப் புல்லும் ஒரு பசுவுக்கு ஆண்டு முழுவதும் போதாது. தண்ணீர் இருந்து அறுவடைக்குப்பின் உளுந்தோ எள்ளோ போட முடிந்தால் பருப்பும் கொஞ்சம் கிடைக்கும்.

ஆக வயிற்றுக்கு ஏறக்குறைய சமாளிக்கலாம். உப்பு, துணி, பள்ளிக் கட்டணம், மருத்துவமனை ஆகியவற்றுக்கு ரொக்கம் வேண்டும். அதற்கு விற்கக் கற்க வேண்டும். பயிற்சிகளில் யாரும் சொல்லித்தராத வேலை இதுதான். 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. மதுரை வாசகரான நீங்கள் ஒரு வாரம் அதிகாலையில் அங்கே போய் நின்று, யார் எதை எந்த அளவில் கட்டு கட்டுகிறார்கள், எட்டு மணிக்குள் எது தீர்கிறது என்று பாருங்கள். எதைப் பயிரிடுவது என்பது அங்கேயே முடிவாகிவிடும்.

எதையுமே வாங்காத குடும்பம் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. உங்கள் மாவட்டத்து தே. கல்லுப்பட்டியில் கடைசிக் காலத்தைக் கழித்த காந்தியப் பொருளியலாளர் ஜே. சி. குமரப்பா, லண்டனில் கணக்காயம் படித்தவர். அவர் சமச்சீர்ச் சாகுபடி என்று கணக்குப் போட்டபோது ஒற்றைக் குடும்பத்தை எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வட்டாரத்து மக்களுக்கு என்னென்ன உணவு எவ்வளவு தேவை என்று கணக்கிட்டு, அதற்கேற்ப அந்த வட்டார நிலத்தைப் பங்கிட வேண்டும் என்றார். பக்கத்து வீட்டுப் பாலும் உங்கள் எண்ணெயும் கைமாறினால் அதுவும் தற்சார்புதான்.

கேள்வி: கணவர் இறந்தபின் 30 தென்னையை நான்தான் பார்க்கிறேன். மரம் ஏற ஆள் கிடைப்பதில்லை. 41 வயதில் நானே கற்றுக்கொள்ளலாமா? ஊரில் பேசுவார்களே என்று தயக்கமாகவும் இருக்கிறது. (பேராவூரணி வாசகி)

பதில்: கற்றுக்கொள்ளலாம், சகோதரி. தென்னை வளர்ச்சி வாரியம் 2011ஆம் ஆண்டு ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ என்ற பெயரில் ஆறு நாள் பயிற்சியைத் தொடங்கியபின், கேரளத்திலும் நம் பக்கத்திலும் பெண்கள் பலர் கருவியின் உதவியோடு ஏறுகிறார்கள். கருவி என்பது இரண்டு சட்டங்கள்தான். ஒவ்வொன்றிலும் மரத்தைச் சுற்றிப் பிடிக்கும் எஃகுக் கம்பியும் கால் வைக்கும் மிதியும் இருக்கும். ஒரு காலில் எடையை ஊன்றும்போது மற்றதைத் தளர்த்தி மேலே நகர்த்த வேண்டும். மாடிப்படி ஏறும் உடம்பு போதும். ஆனால் முழங்கால் வலியோ தலைச்சுற்றலோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் ஏறாதீர்கள். பயிற்சி முடித்தவர்களுக்கு வாரியத்தின் விபத்துக் காப்பீட்டுத் திட்டமும் உண்டு. சேரும்போதே அதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஊர்ப்பேச்சு முதல் வெட்டு வரைதான். இரண்டாம் வெட்டுக்கு அவர்கள் மரத்தையும் பார்க்கச் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

பாதுகாப்புக் கயிறு இல்லாமல் ஒரு நாளும் ஏற வேண்டாம். மழை பெய்து மரம் ஈரமாக இருக்கும் நாளிலும் வேண்டாம். மேலே போனதும் காயை வெட்டும் முன் குருத்தைப் பாருங்கள். மட்டை விசிறிபோல முக்கோண வடிவில் வெட்டுப்பட்டிருந்தால் காண்டாமிருக வண்டு வந்திருக்கிறது. கீழே நின்று பார்க்கும் கூலியாள் அதைச் சொல்லமாட்டார். 45 நாளுக்கு ஒரு வெட்டு என்பதால், முதல் வெட்டில் வீட்டோரத்துக் குட்டை மரங்களில் ஐந்தாறை மட்டும் நீங்கள் ஏறுங்கள். மற்றதை வழக்கமான ஆளிடமே விடுங்கள். அந்த ஐந்தாறிலும் வளைந்த மரம் ஏதாவது இருந்தால் அதைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள்; வளைவில் கம்பி ஒரு பக்கமாக நழுவும்.